கொல்லையில் மூடின குழி

அன்னவாசல்
விஷு வருஷம் ஆனி 5

அத்தானுக்கு பிரகதாம்பாள் எழுதுறது. நீங்க தனுஷ்கோடியில கப்பலேறிட்டீங்கன்னு, கொழும்புக்குப் போய்வந்துக்கிட்டு இருக்கிற அடைக்கலம் அண்ணன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொழும்பு போய் இருபது நாளாச்சு, ஒரு வரி எழுதிப் போட்டா கை தேஞ்சா போகும்? கடையில வேலை அதிகம்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நான் நல்லா இருக்கேன். நாலு மாசம் முடியுது. இப்பதான் சோறு வயித்துல தங்குது.

ஒரு விஷயம் எழுதணும். முன்னாடி ரெண்டு தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு தடவையும் அதே ஓடை, அதே வழுக்குப் பாறை. விடியுமுன்னே செம்பைத் தூக்கிக்கிட்டு அரை மைல் நடந்து போய், அங்க விழுந்து எந்திரிச்சு, வீட்டுக்கு வரும்போது வெறும் வயிறோட வந்தேன். மூணாவது தடவையும் அப்படி வர எனக்குத் தெம்பு இல்ல. அதனால இந்தத் தடவை நான் ஓடைப்பக்கம் காலெடுத்து வைக்கிறதா இல்ல. அந்தக் காரியத்துக்குக் கொல்லையிலேயே ஏற்பாடு பண்ணிட்டேன். கொல்லை வேலைக்கு வர்ற செவந்தி வந்து குழி வெட்டிக் கொடுத்தா. சுத்தி கீத்து வச்சு மறைச்சாச்சு. அப்பப்ப சாம்பலும் மண்ணும் போட்டு மூடிர்றேன். இதுக்கு மேல விவரமா எழுத எனக்குக் கூசுது. சண்டைக் காலம், கடுதாசியையெல்லாம் சர்க்கார்ல பிரிச்சுப் படிச்சு ஒட்டித்தான் அனுப்புறாங்களாம். அதுக்கப்புறம் உங்க கடையில ஆறு பேரு படிப்பாங்க. நீங்களே புரிஞ்சுக்கங்க.

சுவத்துக்கு அங்கிட்டு இருக்கிற உங்க அண்ணனுக்கு இது தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஊரைக் கூட்டிருவாரு.

நான் தச்சுக் கொடுத்த தலகாணியை யாருக்கும் இரவல் கொடுக்காதீங்க. நம்ம மரத்து இலவம்பஞ்சு.

பிரகதாம்பாள்


கொழும்பு
8 ஜூலை 1941

சௌ. பிரகதாம்பாளுக்கு சோலையப்பன் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். கனமான குடம் தூக்காதே.

உன் கடிதம் வந்த மறுநாளே அண்ணன் மலையாண்டியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய். அண்ணனோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கொல்லையில் குழி வெட்டியிருக்கிறாள், ஆள் உயரத்துக்குக் கீற்று கட்டியிருக்கிறாள், நாளைக்கு நாலைந்து தரம் கொட்டாங்கச்சியில் சாம்பல் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள், வெளியே வரும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்கிறார். செவ்வாய்க்கிழமைதோறும் நூல் வாங்க வருகிற பழனிச்சாமி உன்னிடம் நின்று பேசுகிறானாம், அவன் பேசிவிட்டுப் போன மறுவாரம்தான் குழி வெட்டினாயாம்.

நான் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறைப்பு, குழி, சாம்பல், அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்கிற பேச்சு, இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. ஆத்தாவின் கெம்பு அட்டிகை எங்கே? ஆத்தா கண்ணை மூடுகிறதற்கு முன் அதை உன் கையில்தான் கொடுத்தாள். வீட்டில் முதலில் பிறக்கிற பெண்பிள்ளைக்கு என்று சொன்னாள் என்கிறாய். அண்ணன் அது இரண்டு பேருக்கும் பொது என்கிறார். பங்கு தீராத பொருளை மண்ணில் புதைத்தாய் என்று நாளைக்கு ஊர் பேசினால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்? மரப்பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்து எழுது.

நீ கொடுத்த தலகாணி ஒரு பக்கம் கட்டி கட்டியாக இருக்கிறது. காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பஞ்சைச் சரியாக அடிக்காமல் அடைத்துவிட்டாய் போலிருக்கிறது.

சோலையப்பன்


அன்னவாசல்
ஆடி 2

அத்தானுக்கு.

உங்க கடுதாசியை மூணு தரம் படிச்சேன். வழுக்குப் பாறைன்னு எழுதினேன், செம்புன்னு எழுதினேன், ஓடைன்னு எழுதினேன். இதுக்கு மேல ஒரு பொம்பளை எப்படி எழுதுவா? கூச்சப்பட்டு மூடி மூடி எழுதினது என் தப்பு. இப்ப எழுதிர்றேன், சர்க்கார் மனுஷன் படிச்சா படிச்சுட்டுப் போகட்டும். அது கக்கூஸ். கக்கூஸ், அத்தான். உங்க பொண்டாட்டி கொல்லையில கட்டியிருக்கிறது கக்கூஸ். போதுமா?

வெளியே வரும்போது சுத்துமுத்தும் பார்க்குறேனாம். கக்கூஸைவிட்டு வெளியே வர்ற எந்தப் பொம்பளை பார்க்காம வருவா? சுவத்துக்கு மேல எட்டிப் பார்க்கிற ஆம்பளை ஒருத்தர் இருக்கிற வீட்டுல பார்க்காம இருக்க முடியுமா? உங்க அண்ணன் எதுல ஏறி நின்னு பார்க்கிறாருன்னு கேட்டு எழுதுங்க. உரல்லயா, முக்காலியிலயான்னு எனக்கும் தெரிஞ்சா நல்லது.

பழனிச்சாமிக்கு அறுபது வயசு, முன்பல் ரெண்டு கிடையாது. ராட்டை நூக்குற அஞ்சு பேரை ஒண்ணா வச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. காந்தி ஆளுங்க இப்படித்தான் குழி வெட்டிப் பண்றாங்க, புள்ளத்தாச்சிங்க ஓடைக்கு ஓடவேண்டாம்னு சொன்னாரு. மத்த நாலு பேரும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மறுவாரம் செவந்தியைக் கூப்பிட்டேன். நம்ம ஊரு மண்ணு உங்களுக்குத் தெரியாதா, முழங்காலுக்கு மேல ஒரு சாண் போனதும் பாறை. அவ கடப்பாரையை வச்சு மூணு நாள் மல்லுக்கு நின்னா. உடைஞ்ச வண்டிப் பலகை ரெண்டைக் குறுக்கே போட்டிருக்கு, அதுல உட்கார்றது. இதுல புதைக்கிறதுக்கு என்ன இருக்கு?

அட்டிகை பத்திரமா இருக்கு. எங்கேன்னு கடுதாசியில எழுத மாட்டேன்.

தலகாணி ரெண்டு மாசத்துல பதவிசா அமுங்கிரும். பிரிச்சுக் கிரிச்சுப் பார்க்காதீங்க, திரும்ப அதே மாதிரி தைக்க அங்க யாருக்கும் வராது.

பிரகதாம்பாள்


கொழும்பு
6 ஆகஸ்ட் 1941

சௌ. பிரகதாம்பாளுக்கு.

நீ எழுதிய வார்த்தையைப் படித்துவிட்டு நான் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒட்டின காகிதத்தைப் பார்த்தால் சர்க்காரில் பிரித்தது தெரிகிறது. உனக்கு வெட்கம் போய்விட்டது என்பதும் தெரிகிறது.

கக்கூஸ் என்றால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாய். அன்னவாசலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. இங்கே கடைக்குப் பின்னால் இருக்கிறது. பலகைக்குக் கீழே வாளி. தினமும் காலையில் ஓர் ஆள் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு நாள் அவன் வராவிட்டால் நாங்கள் ஏழு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓட வேண்டும். இதுதான் கக்கூஸ்.

நான் அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். நம் வீட்டுக்கு அப்படி ஓர் ஆள் இன்றுவரை வரவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். ஆள் வராத கக்கூஸ் எந்த ஊரில் இருக்கிறது? இன்னொன்றும் எழுதியிருக்கிறார். சுவரோரம் நின்று மோந்து பார்த்தாராம், நாற்றமே இல்லையாம். இரண்டு மாதம் ஒருத்தி போய்வருகிற இடம் நாறாமல் இருக்குமா? நீயே சொல்.

போன வாரம் அந்தக் குழியை மண் போட்டு மட்டமாக மூடிவிட்டாயாம். மேலே பரங்கி விதை ஊன்றியிருக்கிறாயாம். பக்கத்தில் இன்னொரு குழி வெட்டியாகிவிட்டதாம். ஒன்றை மூடி ஒன்றை ஏன் வெட்ட வேண்டும்? மூடின இடத்தில் எதற்குப் பரங்கிக் கொடி? அடையாளத்துக்கா?

மரப்பெட்டியில் அட்டிகை இருக்கிறதா என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்று எழுதுகிறாய். பெட்டியில் இருக்கிறது என்று எழுதவில்லை. ஜவுளிக் கடையில் முழம் போடுகிறவனுக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் தெரியும்.

கழுத்து வலி நிற்கவில்லை.

சோலையப்பன்


அன்னவாசல்
ஆவணி 10

அத்தானுக்கு.

நாறினா ஒரு குத்தம். நாறலைன்னா அதைவிடப் பெரிய குத்தம். உங்க வீட்டுல வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷத்துல இப்படி ஒரு குத்தத்தை இப்பதான் கேக்குறேன். உங்க அண்ணன் சுவத்தோரம் நின்னு மோந்து பார்த்ததை செவந்திகிட்ட சொன்னேன். அவ கடப்பாரையைக் கீழே போட்டுட்டு உட்கார்ந்து சிரிச்சா.

பொறுமையா சொல்றேன், பொறுமையா படிங்க. உங்க கொழும்புக் கக்கூஸ்ல ஒருத்தன் அள்ளணும், இதுல யாரும் அள்ளவேண்டியதில்ல. அதனாலதான் பழனிச்சாமி இதைச் சொல்லிக்கிட்டே திரியிறாரு. ஒரு மனுஷன் கழிச்சதை இன்னொரு மனுஷன் தலையில சுமக்கிறது பாவம்ங்கிறாரு. ஒவ்வொரு தரமும் ஒரு கை சாம்பல், ஒரு கை காஞ்ச மண்ணு, கொஞ்சம் சருகு. ஈ வராது, நாறாது. குழி ரொம்பினதும் மண்ணைப் போட்டு மூடிட்டு அடுத்த குழிக்குப் போயிரணும். அதுக்குத்தான் ரெண்டு குழி. மூடினதை ஆறு மாசம் யாரும் தொடக்கூடாது. அதுக்குள்ள எல்லாம் மக்கி எருவாயிரும். பரங்கிக் கொடி இப்பவே சுவத்துல ஏறிருச்சு, நீங்க வேணா உங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க, அவரு பக்கம்தான் படருது.

பழனிச்சாமி அதை எருன்னு சொல்றது கிடையாது. பொன்னும்பாரு. மூடி வை தாயி, ஆறு மாசம் கழிச்சுத் தோண்டினா பொன்னுதான் இருக்கும்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். தை மாசம் நீங்க வந்தா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே தோண்டலாம்.

புள்ளை அசையுது. முந்தாநாள் சாயங்காலம் வெளியே தெரியுற மாதிரி உதைச்சுது. இவ்வளவு தூரம் இதுக்கு முன்னாடி நான் வந்ததே இல்ல. அதை எழுதத்தான் இந்தக் கடுதாசி. நீங்க வாளி, நாத்தம்னு கேட்டதுல காகிதமெல்லாம் அதுலேயே போயிருச்சு.

தலகாணி உறையை மட்டும் மாத்துங்க.

பிரகதாம்பாள்


கொழும்பு
12 செப்டம்பர் 1941

சௌ. பிரகதாம்பாளுக்கு ஆசீர்வாதம்.

குழந்தை அசைகிற செய்தி படித்துச் சந்தோஷம். உன் தாயார் வளைகாப்புக்கு நார்த்தாமலைக்கு அழைத்தால் போய்விட்டு வா. எத்தனை நாள் இருப்பாய், எந்தத் தேதியில் போகிறாய், வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறாயா என்பதை அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போ.

நீ குழியைப் பற்றி எழுதினதையெல்லாம் கவனமாகப் படித்தேன். பொன் என்று நீ எழுதினதையும் படித்தேன். அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

சோலையப்பன்


அன்னவாசல்
புரட்டாசி 22

சோலையப்பன் அவர்களுக்கு.

எட்டு வருஷத்துல உங்க பேரை நான் வாயால சொன்னது கிடையாது, எழுதினதும் கிடையாது. இப்ப எழுதுறேன். அத்தான்னு எழுத கை வரல.

வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சு. எங்க ஆத்தா வீட்டுல மூணு நாள்தான் இருந்தேன். அங்கிட்டும் பாறைதான், அங்கிட்டும் விடியுமுன்னே வெளியேதான் போகணும். பிரசவம் முடியுறவரைக்கும் இருன்னு ஆத்தா அழுதா. எனக்கு ஏற்பாடு இருக்கு, நான் போறேன்னு சொல்லிட்டு வண்டியேறி வந்தேன். என் புள்ளைக்கு என் கொல்லைதான் பத்திரம்னு நம்பித்தான் வந்தேன்.

வந்து கொல்லைக் கதவைத் திறந்தா, கீத்து மறைப்பு தரையில கிடக்கு. பரங்கிக் கொடி வேரோட பிடுங்கிக் கிடக்கு. மூடின குழியைப் பாறை தெரியுற வரைக்கும் தோண்டியிருந்தாங்க. அதுல ஒண்ணும் கிடைக்கலைன்னு புதுக் குழியையும் கிளறியிருந்தாங்க. அதுல என்ன கிடைச்சிருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் கோபத்துல கல்லையும் முள்ளையும் தள்ளி ரெண்டையும் தூர்த்துட்டாங்க. பலகை ரெண்டையும் காணோம். உங்க அண்ணன் கிணத்தடியில நின்னு மூணாவது தடவையா கை கழுவிக்கிட்டு இருந்தாரு.

நான் கேட்டேன். அவரு என் மூஞ்சியைப் பார்க்காம மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினாரு.

"உன் புருஷன் எழுதித்தான் தோண்டினேன்."

படிச்சேன். உங்க கையெழுத்து. மூடின குழியில் பொன் இருப்பதாக அவளே தன் கையால் எழுதிவிட்டாள், அவள் நார்த்தாமலை போகும்போது தோண்டிப் பாருங்கள்னு எழுதியிருந்துச்சு. நாள், தேதி எல்லாம் கேட்டீங்களே, பாசத்துல கேக்குறீங்கன்னு நினைச்சு உங்க அண்ணன்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டுப் போனேன்.

மறுநாள் விடியல்ல செம்பைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போனேன். வேற எங்க போறது? அதே பாறை. இந்தத் தடவை விழல, சறுக்கி உட்கார்ந்துட்டேன். எந்திரிக்க முடியல. சேலையில ரத்தம் பட்டுச்சு. செவந்திதான் வண்டி பிடிச்சுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி புள்ளை அசையல. நான் வயித்துல கையை வச்சுக்கிட்டே படுத்திருந்தேன். உங்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல. மூணாம் நாள் மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது ஒரு உதை விட்டுச்சு. கஞ்சியெல்லாம் மேல கொட்டிருச்சு. அந்த நர்சம்மாவும் சேர்ந்து அழுதாங்க.

இப்ப வீட்டுல படுக்கையாத்தான் இருக்கேன். செவந்தி நான் கேக்காமலே புதுசா ஒரு குழி வெட்டிட்டா. உங்க அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னு பலகையைக் கேட்டு வாங்கிட்டு வந்தா.

பிரகதாம்பாள்


கொழும்பு
20 அக்டோபர் 1941

பிரகதா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். துணி அளந்து கொண்டிருந்தவன் அளவை விட்டுவிட்டேன். முதலாளி என்ன சோலையப்பா என்றார். முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விட்டேன்.

நான் செய்தது பாவம். பொன் என்ற வார்த்தையை ராத்திரியும் பகலும் நினைத்து நினைத்து நானே ஒரு கதையைக் கட்டிவிட்டேன். இருநூறு மைலுக்கு இங்கிட்டு இருந்துகொண்டு, காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் பேயாகத் தெரிகிறது. அண்ணனுக்கு எழுதிவிட்டேன். இனிமேல் சுவரில் ஏறினால் நான் தம்பி இல்லை என்று எழுதிவிட்டேன். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

உன்னை ஒன்றும் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், கோபப்படாதே. அண்ணன் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தாராம். அது என் சொல் இல்லை, அவராகப் போனது. மரப்பெட்டியில் அட்டிகை இல்லை என்கிறார். குழியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை என்றால் எங்கேதான் இருக்கிறது? உன்னை நம்புகிறேன். ஆனால் அது எங்கே என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்குத் தலகாணியும் ஒரு காரணம். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். இங்கே சமையல் செய்கிற பெரியவர் கேட்கிறார், அவருக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சோலையப்பன்


அன்னவாசல்
கார்த்திகை 12

அத்தானுக்கு.

இந்தக் கடுதாசி தபால்ல வரல. அடைக்கலம் அண்ணன் திரும்பவும் கொழும்பு வாரார், அவர் கையில கொடுத்தனுப்புறேன். சர்க்கார் மனுஷனும் படிக்க முடியாது, உங்க கடையில ஆறு பேரும் படிக்க முடியாது. அதனால முதல் தடவையா எதையும் மூடாம எழுதுறேன்.

போன வெள்ளிக்கிழமை பொம்பளப்புள்ள பொறந்துச்சு. உங்க மூக்கு. அழுதா கொல்லைவரைக்கும் கேக்குது. எங்க ஆத்தா வந்து இங்கேயே இருக்கா. முதல்ல மூணு நாள் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடைக்குத்தான் போனா. நாலாம் நாள் மழை. அன்னைக்கு ஒரு கொட்டாங்கச்சி சாம்பலை எடுத்துக்கிட்டு பேசாம உள்ளே போயிட்டு வந்தா. இப்ப சாம்பல் தீர்ந்து போனா எனக்கு முன்னாடி அவதான் சத்தம் போடுறா. உங்க அண்ணன் கிளறிப் போட்ட மண்ணு கொல்லையெல்லாம் சிதறிக் கிடந்துச்சே, அதுல பிடுங்கிப் போட்ட பரங்கிக் கொடியில ஒரு துண்டு திரும்ப வேர் பிடிச்சு ஒம்பது காய் காய்ச்சிருக்கு. ஒண்ணை உங்க அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். எதுல விளைஞ்சதுன்னு சொல்லித்தான் கொடுத்தா செவந்தி. வாங்கிக்கிட்டாங்க.

இப்ப அட்டிகை. நீங்க கொழும்புக்குப் புறப்படுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்க அண்ணன் வந்து, அதை என்கிட்ட கொடுத்து வைன்னு உங்ககிட்ட கேட்டதை நான் அடுப்பங்கரையில இருந்து கேட்டேன். நீங்க முடியாதுன்னு சொல்லல. பார்க்கலாம்ணேன்னு சொன்னீங்க. உங்க பார்க்கலாம் என்னன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு மத்தியானமே அதைத் துணியில சுத்தி, பஞ்சுக்கு நடுவுல வச்சு, தலகாணியைத் தச்சுட்டேன். அண்ணன் எட்டாத இடம் இந்த உலகத்துல உங்க தலைக்கு அடியில மட்டும்தான் இருக்குன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா, கப்பலேறுறதுக்கு முன்னாடி மண்டபத்துல மூட்டையைப் பிரிச்சுப் பண்ற சோதனையில உங்க மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உங்க அண்ணன் கடுதாசி போட்டுக் கேட்டா நீங்க திருப்பி அனுப்பிருவீங்கன்னு பயந்தேன். நீங்க என்னை நம்பலைன்னு எத்தனை கோபப்பட்டேன். நானும் உங்களை நம்பல, அத்தான். அதையும் எழுதிர்றேன்.

அஞ்சு மாசமா அதும்மேலேயே தலையை வச்சுப் படுத்துக்கிட்டு, அது எங்கே எங்கேன்னு எனக்கு எழுதினீங்க.

சமையக்காரப் பெரியவருக்குக் கொடுத்துட்டீங்கன்னா இப்பவே போய்க் கேட்டு வாங்குங்க. வேற புதுத் தலகாணி ஒண்ணு வாங்கிக் கொடுத்துருங்க, பாவம். பரண்ல இருந்தா எடுத்து, கட்டி தட்டுற பக்கத்துத் தையலை மட்டும் பிரிங்க. பஞ்சு பறக்கும், கதவைச் சாத்திக்கங்க. ஊசியும் நூலும் உங்க டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் குத்தி வச்சிருக்கேன். திரும்பத் தச்சு, அதும்மேலேயே படுங்க. தை மாசம் வரும்போது எடுத்துட்டு வாங்க. புள்ளை கழுத்துல நீங்கதான் போடணும்.

பிரகதாம்பாள்